பிடி நழுவுகிறது, முன்கை கல்லாகிறது: கைவலுவுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

பெரம்பூர்_வெள்ளைபெல்ட்:

எல்லோருக்கும் வணக்கம். வீடு பெரம்பூர், வேலை ஓஎம்ஆர், மாலையில் ஜூடோ. ரண்டோரியில், அதாவது பயிற்சிச் சண்டையில், முதல் ரவுண்டு ஒழுங்காகப் போகிறது. இரண்டாவது ரவுண்டின் பாதியில் முன்கை இறுகிப்போய், எதிராளியின் ஸ்லீவ் என் கையிலிருந்து தானாக உருவிக்கொண்டு போகிறது, அதற்கப்புறம் எனக்கு எந்தத் த்ரோவும் வருவதில்லை. மாஸ்டரிடம் கேட்டால் "பழகப் பழக வரும்" என்கிறார். வரும்தான், ஆனால் எப்போது?

ஆன்லைனில் ஒரு ஸ்ப்ரிங் கிரிப்பர் வாங்கினேன், 60 கிலோ வரை கூட்டிக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு அதை நசுக்கிக்கொண்டே இருக்கிறேன், இப்போது கடைசி அளவு வரை சுலபமாக மூடுகிறது. ஆனால் மேட்டில் எந்த மாற்றமும் இல்லை. இதைவிடக் கனமான கிரிப்பர் வாங்கலாமா, இல்லை கயிறு ஏறுவதா? வாடகை வீடு, கீழேயே ஹவுஸ் ஓனர், சுவரில் ஆணி அடித்தாலே மேலே வந்துவிடுவார், எனவே பார் மாட்ட வழியில்லை. மற்ற கலைகளில் இருப்பவர்களும் சொல்லுங்கள்.

பாறை_ஏறி:

கனமான கிரிப்பர் வேண்டாம், காசு மிச்சம். நீ பழகுவது ஒன்று, மேட்டில் உனக்குத் தேவைப்படுவது வேறொன்று.

பிடி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், அதில் குறைந்தது மூன்று வகை இருக்கிறது. விரிந்த கையை மூடி நசுக்குவது ஒன்று, கிரிப்பர் அதைத்தான் வளர்க்கும். பிடித்ததை விடாமல் தாங்குவது இன்னொன்று: பாரில் தொங்குவது, பை தூக்கி நடப்பது. கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே கிள்ளிப் பிடிப்பது மூன்றாவது. ஸ்லீவைப் பிடிக்கும்போது உன் கை ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது. எதிராளி அதைத் திறக்கப் பார்க்கிறான், நீ திறக்கவிடாமல் இருக்கவேண்டும், அதுவும் நிமிடக்கணக்கில். கிரிப்பரை ஒரு நொடி மூடித் திறப்பதற்கும் அதற்கும் பெரிய தொடர்பு இல்லை.

இன்னொன்று, அந்த மலிவு கிரிப்பர்களில் போட்டிருக்கும் கிலோவை நம்பாதே. ஒரு கம்பெனியின் 60 இன்னொரு கம்பெனியின் 40 ஆக இருக்கலாம். கிரிப்பரிலேயே கிறுக்காக இருப்பவர்கள் கேப்டன்ஸ் ஆஃப் கிரஷ் என்ற வகையை வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். அதில் 1-ஆம் நம்பர் 140 பவுண்டு, 2-ஆம் நம்பர் 195, 3-ஆம் நம்பர் 280. மூன்றாவதை மூடுகிறவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். மூடினாலும் ஜூடோவில் ஜெயிப்பார்கள் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

முன்கை ஏன் இறுகுகிறது என்றால், தசை விடாமல் இறுகியிருக்கும்போது உள்ளே ஓடும் ரத்தக்குழாய்களையும் சேர்த்து அழுத்துகிறது. ரத்த ஓட்டம் குறையும், கழிவு தேங்கும், எரியும், அப்புறம் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. பாறை ஏறும்போது எங்களுக்கும் இதே கதைதான். அதனால் ஒரு கையில் தொங்கிக்கொண்டே இன்னொரு கையைக் கீழே போட்டு உதறுவோம். வலுவைக் கூட்டுவது ஒரு பக்கம் இருக்கட்டும், நடுநடுவே தளர்த்தக் கற்றுக்கொள்வது இன்னொரு பக்கம், இரண்டும் வேண்டும்.

கர்லாக்கட்டை:

தம்பி, நான் சிலம்பக்காரன், ஜூடோ எனக்குத் தெரியாது. ஆனால் நீ எழுதியதைப் படித்தவுடன் ஒன்று தோன்றியது. நீ எதிராளியைத் தொட்ட நொடியிலிருந்து முழு பலத்தோடு இறுக்கிப் பிடிக்கிறாய், சரியா?

எங்களிடம் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் கம்பை அப்படித்தான் பிடிப்பார்கள். இறுக்கினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும், மணிக்கட்டு பூட்டிக்கொண்டால் சுற்று வராது, கம்பு நுனியில் வேகமே இருக்காது. சுற்றும்போது கம்பு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருளவேண்டும், மற்ற விரல்கள் சும்மா கூட வந்தால் போதும். அடி விழுகிற நொடியிலும், எதிர்க்கம்பைத் தடுக்கிற நொடியிலும் மட்டும் எல்லா விரலும் மூடவேண்டும். மூடி உடனே திறக்கவேண்டும். மணிக்கணக்கில் கம்பு சுற்றுகிறவர்களுக்கு முன்கை இறுகாததற்குக் காரணம் இதுதான், எங்களுக்கு ஒன்றும் தனிப்பிறவிக் கை கிடையாது.

வலுவுக்கு என்று கேட்டால் கர்லாக்கட்டை. தோளுக்குப் பின்னால் கட்டை இறங்கித் திரும்பும்போது அது கையைவிட்டுப் பறக்கப் பார்க்கும், சுண்டு விரலும் மோதிர விரலும்தான் அதைத் தாங்கும். முதலில் இரண்டு கிலோவுக்குள் எடு. கடையில் போய் பார்க்க அழகாக இருக்கிறது என்று பெரிய கட்டையை வாங்கி வந்து, தோளைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறவர்கள் நிறைய.

மாடம்பாக்கம்_மல்லன்:

இளவட்டக்கல் தூக்குங்கள் ப்ரோ! நம் முன்னோர் செய்யாத கிரிப் டிரெயினிங்கா?

கர்லாக்கட்டை:

ஐயா, இளவட்டக்கல்லைத் தூக்கியிருக்கிறீர்களா? வழவழவென்று உருண்டைக் கல், பிடிக்க ஒரு இடுக்கு கிடையாது. அடியில் கையைக் கொடுத்து, தொடைமேல் ஏற்றி, நெஞ்சோடு அணைத்துத் தோளுக்குத் தள்ளுவது. முதுகும் இடுப்பும் தொடையும் வளரும், விரலுக்கு அதில் வேலை குறைவு. மல்லுக்கட்டுகிறவனுக்கு அது அருமையான பயிற்சி. இந்தத் தம்பி கேட்பது துணியைப் பிடிப்பதற்கு.

கோஜு_மயிலாப்பூர்:

கராத்தே பக்கத்திலிருந்து. ஒகினாவாவில், முக்கியமாக நாஹா வழிப் பாணிகளில், இதற்கென்றே தனிக்கருவிகள் உண்டு. கோஜு-ரியூ பாணியை நிறுவிய சோஜுன் மியாகி காலத்திலிருந்து இன்றுவரை பயன்படுத்துகிறார்கள். நிகிரி-காமே என்பது வாய் விளிம்பு வைத்த மண்ஜாடி. விளிம்பை மேலிருந்து ஐந்து விரல்களாலும் கவ்விப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக, சான்சின் என்ற கராத்தே நடையில் மெதுவாக நடக்கவேண்டும். நாளாக ஆக உள்ளே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். சி-இஷி இன்னொன்று: ஒரு கட்டையின் ஒரு முனையில் மட்டும் கல், மறுமுனையைப் பிடித்துச் சுழற்றுவது. சிலம்ப ஐயா சொல்லும் கர்லாக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாடிப் பயிற்சியில் ஒரு நுணுக்கம். தோள் மேலே ஏறக்கூடாது. விரல் தளரும்போது எல்லோரும் தோளைத் தூக்கி ஏமாற்றுவார்கள். தோளை இறக்கி, அக்குளை இறுக்கி வைத்தால் முதுகின் பக்கத்தசை வேலைக்கு வந்துவிடும். பிடியின் வலு விரலோடு முடிவதில்லை, அது முதுகு வரைக்கும் போகிறது.

சென்னையில் அந்த ஜாடி கிடைக்காது. நான் பெரிய வாய் உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் மணல் போட்டுச் செய்கிறேன், மண்பானையில் முயலவேண்டாம், விளிம்பு கையோடு வந்துவிடும்.

தண்ணிலாரி_அம்மா:

என் மகள் சிலம்பம் போகிறாள், அதற்காகத்தான் இந்தக் குழுவில் சேர்ந்தேன், பெரும்பாலும் படிப்பதோடு சரி. ஆனால் கோஜு தம்பி எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஜாடியின் விளிம்பை மேலிருந்து விரலால் கவ்விப் பிடித்துக்கொண்டு இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக நடப்பதா? அப்பா, லாரி வந்து நிற்கும்போது எங்கள் தெருவில் வந்து பாருங்கள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம், கையில் இருப்பதைக் குடத்தின் கழுத்தோடு கவ்வித்தான் பிடிப்போம். அப்படியே இரண்டு மாடி ஏறவேண்டும்.

கருவியைத் தேடி எங்கும் போகவேண்டாம், ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, அளந்து ஊற்றிக்கொள்ளலாம். பாதிக்குடம் முழுக்குடத்தைவிடச் சிரமம், உள்ளே தளும்பித் தளும்பி இழுக்கும். கை நழுவினால் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோஜு_மயிலாப்பூர்:

அக்கா, வணக்கம் வைத்துவிட்டேன். நாளைக்கே குடம்தான்.

பெரம்பூர்_வெள்ளைபெல்ட்:

குடம் அருமை, ஹவுஸ் ஓனரும் ஒன்றும் சொல்ல மாட்டார். கர்லாக்கட்டை ஐயா, நீங்கள் கேட்டது உண்மை, தொட்ட நொடியிலிருந்தே இறுக்கித்தான் பிடிக்கிறேன், விட்டால் திரும்பக் கிடைக்காதோ என்ற பயம். அரிசி வாளியில் கையைவிட்டுப் பிசைவது பற்றி நிறைய வீடியோ வருகிறதே, அது உதவுமா? வீட்டில் ரேஷன் அரிசி மூட்டையாகக் கிடக்கிறது.

தண்ணிலாரி_அம்மா:

சாப்பிடுகிற அரிசியில் வியர்வைக் கையை விட்டுப் பிசைவதா! உங்கள் அம்மா இந்தக் குழுவில் இல்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

பாறை_ஏறி:

அக்கா சொல்வது நியாயம். அரிசிக்குப் பதில் சலித்த மணல் போதும். வாளியில் மணிக்கட்டு முழுகும் வரை கையைவிட்டு, மூடித் திறந்து, இரண்டு பக்கமும் திருகவேண்டும். இதன் பெரிய லாபம் நசுக்குவதில் இல்லை, உள்ளே விரலை விரிப்பதில் இருக்கிறது, ஏனென்றால் விரிக்கும் தசைக்கு வேறு எங்கும் வேலை கிடைப்பதில்லை. நான் பெசன்ட் நகர் பக்கம் ஓடப் போனால் ஈரமணலில் உட்கார்ந்து கொஞ்சநேரம் இதைச் செய்துவிட்டு வருவேன். பார்க்கிறவர்கள் மோதிரத்தைத் தொலைத்துவிட்டான் போல என்று கூடத் தேட வருவார்கள்.

ராயபுரம்_ரைட்ஹேண்ட்:

எல்லோரும் பிடி பிடி என்கிறீர்கள், பாக்ஸிங்கில் பிடித்தால் ரெஃப்ரி பிரித்துவிடுவார். இருந்தாலும் கைவலு எங்களுக்கும் வேண்டும், வேறு காரணத்துக்கு. முஷ்டி இலக்கில் மோதுகிற நொடியில் விரல்கள் இறுகி, மணிக்கட்டு முன்கையோடு ஒரே நேர்க்கோட்டில் நிற்கவேண்டும். தளர்வாக இருந்தால் மணிக்கட்டு மடங்கும். முதல் இரண்டு மூட்டில் படாமல் சுண்டு விரல் பக்கத்தில் பட்டால் அந்த எலும்பின் கழுத்து உடையும், அதற்கு பாக்ஸர்ஸ் ஃப்ராக்ச்சர் என்றே பெயர். வேடிக்கை என்னவென்றால் முறையாகப் பழகிய பாக்ஸர்களைவிடக் கோபத்தில் சுவரைக் குத்துகிறவர்களுக்குத்தான் அது அதிகம் வருகிறது.

நான் செய்வது ரிஸ்ட் ரோலர். ஒரு பிவிசி குழாய், நடுவில் கயிறு, கயிற்று நுனியில் ஒரு செங்கல். கையை நீட்டிக்கொண்டு கயிற்றைச் சுருட்டவேண்டும், பிறகு மெதுவாக இறக்கவேண்டும், அந்த இறக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது. அப்புறம் முஷ்டி ஊன்றித் தண்டால், வெறும் தரையில் இல்லை, பாய்மேல்.

இந்தக் கராத்தேக்காரர்கள் மரத்தைக் குத்தி முட்டியைக் காய்ப்பாக்குவது எனக்கு ஒப்பாது. கோஜு நண்பர் கோபிக்கவேண்டாம். வடசென்னையில் பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை போட்டவர்கள் யாரும் வேப்பமரத்தைக் குத்திப் பழகவில்லை.

கோஜு_மயிலாப்பூர்:

கோபமெல்லாம் இல்லை, ஆனால் மக்கிவாரா என்றால் வேப்பமரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மக்கிவாரா என்பது தரையில் நட்ட பலகை, அடியில் தடிப்பாகவும் மேலே மெல்லியதாகவும் இழைத்திருக்கும், உச்சியில் வைக்கோல் கயிறு சுற்றியிருக்கும். குத்தினால் பின்னால் வளைந்து கொடுக்கும். முட்டியைக் காய்ப்பாக்குவது அதன் முதல் நோக்கமும் இல்லை. குத்து போய் மோதும்போது மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு எங்கே தளர்கிறது என்று அது திருப்பித் தள்ளிக் காட்டிக்கொடுக்கும். வளையாத சுவரையும் மரத்தையும் குத்துவது வேறு, அதை நானும் ஆதரிக்கவில்லை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைக் குத்தி வீடியோ போடுகிற பையன்களைப் பார்த்தால் எனக்கே வயிறு எரிகிறது.

ராயபுரம்_ரைட்ஹேண்ட்:

வளையும் என்றால் சரி, ஒருநாள் வந்து குத்திப் பார்க்கிறேன். கையில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டுதான் வருவேன்.

பிசியோ_அக்கா:

தாமதமாக வருகிறேன், இந்த வாரம் கிளினிக்கில் நிற்க நேரமில்லை. சில விஷயங்கள், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் விரல் அடிபட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீளமான தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரல் நுனி வரை போய், பொம்மலாட்டக்காரர் கயிற்றை இழுப்பதுபோல இழுக்கின்றன. தசை சில வாரங்களில் வலுவாகும். தசைநாணும், அதை எலும்போடு ஒட்டவைத்துப் பிடித்திருக்கும் வளையங்களும் வலுவாக மாதங்கள் ஆகும். புதிதாக ஆரம்பித்தவர்கள் நன்றாக ஏறிவருகிறோம் என்று நினைக்கும் நேரத்தில் விரலின் அடிப்பகுதி வலிக்க ஆரம்பிப்பது அதனால்தான். தினமும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி.

மணிக்கட்டு முக்கியம். கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும்போதுதான் விரல்களுக்கு முழு பலம். இப்போதே சோதித்துப் பாருங்கள்: ஒரு பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மணிக்கட்டை உள்பக்கமாக முழுக்க மடக்குங்கள், பிடி தானாகத் தளரும். ஆயுதத்தைப் பறிக்கும் பல பூட்டுகள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. ஜூடோ தம்பி, ஸ்லீவைப் பிடித்திருக்கும்போது உங்கள் மணிக்கட்டு உள்ளே மடங்கியிருக்கிறதா என்று யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள். மடங்கியிருந்தால் எத்தனை குடம் தூக்கினாலும் பயனில்லை.

விரிக்கும் தசைகளையும் விடாதீர்கள். மடக்குவதை மட்டும் செய்துகொண்டே போனால் முழங்கையின் உள்பக்க எலும்பில் வலி வரும். வெளிப்பக்கத்தில் வந்தால் டென்னிஸ் எல்போ என்பார்கள், வாழ்நாளில் ராக்கெட்டைத் தொடாதவர்களுக்கும் வரும். மளிகைக்கடை ரப்பர் பேண்ட் இரண்டு மூன்றை ஐந்து விரல் நுனிகளிலும் மாட்டி, மெதுவாக விரித்து மெதுவாகச் சுருக்குங்கள். மீட்டிங்கில் கிரிப்பர் நசுக்கும் நேரத்தில் இதைச் செய்யலாமே.

இனி சொல்வது துணியைப் பிடிக்கும் எல்லோருக்கும். எதிராளி வேகமாக இழுக்கும்போது ஸ்லீவில் மாட்டிய விரல், பெரும்பாலும் மோதிர விரல், நுனியில் படக்கென்று ஒரு வலி கொடுத்து, அதற்குப் பிறகு நுனிக்கணுவை உங்களால் மடக்க முடியவில்லை என்றால், அது சுளுக்கு இல்லை. தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கலாம். ஜெர்சி ஃபிங்கர் என்பார்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, "வீக்கம் வற்றட்டும் பார்க்கலாம்" என்று வாரக்கணக்கில் காத்திருந்தால் அந்த நாண் உள்ளே சுருங்கிப் போய்விடும், அறுவை சிகிச்சையும் கடினமாகும். முதல் சில நாட்களுக்குள் கை அறுவை சிகிச்சை நிபுணரிடம் போகவேண்டும்.

ரத்த அழுத்தம் இருப்பவர்கள் நீண்டநேரம் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியில் மூச்சை அடக்கக்கூடாது, பிடித்திருக்கும்போதே அழுத்தம் ஏறும், எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக ஓடும். ராயபுரம் சார் முஷ்டி பற்றிச் சொன்னதை ஆமோதிக்கிறேன். வளரும் பிள்ளைகளுக்கு, எலும்பு முனைகள் மூடாத வயதில், எந்தப் பலகையிலும் முட்டியைக் காய்ப்பாக்கும் பயிற்சி வேண்டவே வேண்டாம், வளைந்தாலும் சரி வளையாவிட்டாலும் சரி.

பழைய_பிரவுன்பெல்ட்:

பெரம்பூர் தம்பி, உன் மாஸ்டர் சொல்லாததை நான் சொல்கிறேன், அவர் என்மேல் கோபப்படட்டும்.

சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், இந்த மூன்றால் பிடி. ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் துணியின்மேல் சும்மா படுத்திருக்கட்டும். புதியவர்கள் எல்லோரும் தலைகீழாக, கட்டை விரலும் ஆள்காட்டியும் வைத்துக் கிள்ளிப் பிடிப்பார்கள், முன்கையின் மேல்பக்கம் உடனே இறுகும். கீழ் மூன்று விரலை மடக்கி துணியை உள்ளங்கைக்குள் ஒரு மடிப்பு சுருட்டிவிட்டால் அதே துணி பாதி பலத்தில் நிற்கும். ஸ்லீவ் வாய்க்குள் விரலை விட்டு முறுக்காதே, போட்டியில் ஷிடோ, அதாவது சின்னத் தண்டனை, கொடுப்பார்கள்.

அப்புறம் எப்போது இறுக்குவது. கர்லாக்கட்டை ஐயா ஜூடோ தெரியாது என்று சொல்லிவிட்டு ஜூடோவையே சொல்லியிருக்கிறார். நகரும்போது துணி கையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான். இழுக்கும் நொடியில், அதாவது குஸுஷி (எதிராளியின் நிலையைக் குலைப்பது) தொடங்கும் இடத்தில், இறுக்கு. த்ரோ போகவில்லை என்றால் மறுபடி தளர்த்து. இழுப்பதும் முன்கையால் இல்லை, முழங்கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகால் இழு. எதிராளி பிடியை உடைக்கிறான் என்று தெரிந்துவிட்டால், உயிரைக்கொடுத்துப் பிடித்துக்கொண்டிருக்காதே. நீயே விட்டுவிட்டு அடுத்த பிடியை எடு. அவன் உடைப்பதற்குச் செலவழித்த நொடி உனக்கு லாபம், அந்த நொடியில் உன் முன்கைக்கும் ரத்தம் ஓடும்.

ரண்டோரியில் இதற்கு ஒரு விளையாட்டு வைத்துக்கொள். தெரிந்த பார்ட்னரிடம் சொல்லிவிட்டு, எந்தப் பிடியையும் சில நொடிகளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, தாக்கு அல்லது மாற்று. முதல் சில நாள் எல்லாரும் உன்னைத் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். போடட்டும்.

சர்வதேசப் போட்டியில் ஜூடோ 4 நிமிடம், சமனில் நின்றால் கோல்டன் ஸ்கோர், அதற்கு நேர வரம்பே இல்லை. பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் வெள்ளை பெல்ட்டுக்கு 5 நிமிடம், கறுப்புக்கு 10. இவ்வளவு நேரம் யாராலும் முழு பலத்தில் பிடித்துக்கொண்டிருக்க முடியாது, உலகச் சாம்பியனாலும் முடியாது. அவர்களும் விட்டுவிட்டுத்தான் பிடிக்கிறார்கள்.

வேளச்சேரி_நோகி:

எங்களுக்குத் துணியே இல்லையே, நோ-கி, அதாவது பிடிக்கத் தடித்த மேல்சட்டை இல்லாத ஜியு-ஜிட்சு. இந்த ஊர் வியர்வையில் எதிராளியின் கை மீன்பாடி வண்டியில் இறக்கிய விலாங்கு. இங்கே விரலுக்கு வேலை கொஞ்சம்தான். கட்டை விரலைத் தனியாகப் பிரிக்காமல் ஐந்து விரலையும் ஒன்றாக மடக்கி மணிக்கட்டிலும் கழுத்துப் பின்னாலும் மாட்டுவோம், அணைத்துப் பிடிக்கும்போது உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து மடக்குவோம், விரலுக்குள் விரல் கோப்பதில்லை, கோத்தால் ஒன்று போனால் எல்லாம் போகும். ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டால் கட்டை விரலும் மற்ற விரல்களும் சந்திக்கிற இடைவெளி வழியாகக் கையை உருவவேண்டும், அங்கேதான் எவ்வளவு பெரிய பயில்வானின் பிடியும் பலவீனம்.

பெரம்பூர்_வெள்ளைபெல்ட்:

பேனா சோதனை செய்தேன், அதிர்ந்துவிட்டேன். மணிக்கட்டைப் பார்க்க நண்பனை வீடியோ எடுக்கச் சொல்கிறேன். பிரவுன்பெல்ட் அண்ணா, மூன்று விரல் விஷயத்தை இன்று உவாகியை (ஜூடோ மேல்சட்டை) கதவில் தொங்கவிட்டுப் பழகிப் பார்த்தேன், வித்தியாசம் உடனே தெரிகிறது. சரி, வாரத்துக்கு எப்படி அமைத்துக்கொள்வது? ஜூடோ திங்கள், புதன், வெள்ளி.

பாறை_ஏறி:

ஜூடோவுக்கு முந்தைய நாள் முன்கையைக் கொல்லாதே. உனக்குப் பொருத்தமானது புதன், வெள்ளி கிளாஸ் முடிந்த பிறகு கொஞ்சம், ஞாயிறு கிட்டவே போகாதே.

மாநகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில் இப்போது திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் இருக்கின்றன, தொங்குவதற்கு ஒரு பார் கிடைக்கும். அதில் ஒரு தடித்த துண்டை மடித்துப் போட்டு, இரண்டு நுனியையும் பிடித்துத் தொங்கு. பழைய உவாகி இருந்தால் இன்னும் நல்லது, இரண்டு ஸ்லீவையும் பிடித்துத் தொங்கலாம். கை தானாக விடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நீயே இறங்கிவிடு, மூன்று நான்கு முறை போதும், நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. தொங்க முடிந்துவிட்டால் அதே துண்டில் புல்-அப். அடுத்தது குடம் நடை, பூங்காவில் குடத்தோடு நடக்கக் கூச்சமாக இருந்தால் மொட்டை மாடி. கேன் தண்ணீர் வாங்கும் வீடு என்றால் 20 லிட்டர் கேனை நீயே மாடிக்கு ஏற்று, கடைப் பையனும் வாழ்த்துவான். முடிவில் ரப்பர் பேண்ட். முதல் ஒன்றரை மாதம் எடையைக் கூட்டவே கூட்டாதே, பிசியோ அக்கா சொன்ன காரணத்துக்காக.

பழைய_பிரவுன்பெல்ட்:

இன்னொரு இலவசப் பயிற்சி, உவாகியை வாஷிங் மெஷினில் போடாதே. கையால் துவைத்து, நனைந்த உவாகியை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி முறுக்கிப் பிழி. ஈர உவாகியின் கனம் உனக்கே தெரியும். ஒருமுறை வலக்கை மேலே, மறுமுறை இடக்கை மேலே. சொட்டு நின்றால் போதும், தையல் பிரியும் வரை வேண்டாம்.

நகத்தை வெட்டு. விரல் கணுக்கள் வலித்தால் ஒட்டுத் துணி டேப்பைக் குறுகலாகக் கிழித்துக் கணுவுக்கு மேலும் கீழும் எட்டு வடிவில் சுற்று. ஆனால் டேப் சுற்றிக்கொண்டே எல்லா கிளாஸும் போகவேண்டியிருந்தால் விரல் ஓய்வு கேட்கிறது என்று அர்த்தம்.

பெரம்பூர்_வெள்ளைபெல்ட்:

கடைசியாக ஒன்று, கயிறு. ஊருக்குப் போனால் மாமரத்தில் கட்டி ஏறலாம் என்று பார்க்கிறேன். எங்கே வாங்குவது, எந்தக் கயிறு?

கர்லாக்கட்டை:

பாரிஸ் கார்னர் பக்கம் போ தம்பி, கயிற்றுக்கடைகள் வரிசையாக இருக்கும், மீட்டர் கணக்கிலோ கிலோ கணக்கிலோ தருவார்கள். தேங்காய்நார்க் கயிறு வாங்காதே, உள்ளங்கை உரிந்துவிடும். நைலான் வியர்வையில் வழுக்கும். முறுக்கிய பருத்திக் கயிறு கேள், கையால் சுற்றிப் பிடித்தால் கட்டை விரல் மற்ற விரலைத் தொடுகிற பருமனில். விழுப்புரம் பக்கம் மல்லர் கம்பம் ஆடுகிற பிள்ளைகள் கயிற்றில் செய்வதைப் பார்த்திருக்கிறாயா? கயிற்றைக் கால் கட்டை விரல் இடுக்கில் மாட்டித்தான் ஏறுவார்கள், கைக்குப் பாதிச் சுமை குறையும். நீயும் முதலில் காலை வைத்தே ஏறு. இறங்கும்போது சறுக்கி இறங்காதே, கை மாற்றிக் கை மாற்றி இறங்கு, தோல் மிஞ்சும். மாமரக் கிளை வேண்டாம், முறியும், புளியங்கிளை பார்.

தண்ணிலாரி_அம்மா:

பிசியோ அம்மா, என் மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு இந்தக் குடம், ரப்பர் பேண்ட் எல்லாம் கொடுக்கலாமா? கம்பு சுற்றும்போது சீக்கிரம் கை வலிக்கிறது என்கிறாள்.

பிசியோ_அக்கா:

ரப்பர் பேண்ட் தாராளமாக, ஒன்று போதும். பூங்காவில் பாரில் தொங்கி விளையாடட்டும், அந்த வயதுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. குடம் வேண்டாம். அதற்கு முன்னால் கம்பின் பருமனைப் பாருங்கள், பெரியவர்கள் கம்பைக் கொடுத்திருந்தால் சின்னக் கை அதை மூடவே முடியாது, வலிக்கத்தான் செய்யும்.

கர்லாக்கட்டை:

ஆமாம்மா, அதைத்தான் நானும் எழுத வந்தேன். ஆசானிடம் சொல்லி மெல்லிய பிரம்பாக மாற்றித் தரச்சொல்லுங்கள், நீளமும் அவள் நெற்றி அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். மாற்றிய பிறகும் வலித்தால் எழுதுங்கள்.